வடக்கு ஃபுளோரிடா: கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில்

மார்ச் 8, சனி – ஹை ஸ்பிரிங்ஸ்

தண்ணீருக்கடியிலுள்ள குகைகளில் டைவிங் பழக நானும் மச்சினனும் அட்லாண்டாவில் கிளம்பும்போது தூறல்தான். ஜார்ஜியா எல்லையைத் தாண்டுவதற்குள் வைப்பர் முழு வேகத்தில் ஓடியும் ரோடு தெரியாத அளவுக்குக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. வண்டி ஓட்டிய மச்சினனுக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. "எப்படியும் தண்ணிக்குள்ளதான மாமா போகப்போறோம், மழை பெஞ்சா என்ன?" என்றான். அதற்கான பதில் ஹை ஸ்பிரிங்ஸ் டைவிங் கடையின் சுவரில் இருந்தது. ஒரு வெள்ளைப் பலகையில் சுற்றுவட்டார ஊற்றுகளின் பெயர்களை எழுதி, பாதிக்கு மேல் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். பீகாக் போச்சு, லிட்டில் ரிவர் போச்சு, மேடிசன் புளூவும் போச்சு. "சுவானி ஆறு ஏறிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்காரர் சிலிண்டருக்குக் காற்று பிடிக்கப் போய்விட்டார்.

தெரியாதவர்களுக்காக: வடக்கு ஃபுளோரிடாவின் தரைக்கடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய சுரங்கங்கள் வழியாக நிலத்தடி நீர் ஓடி, ஊற்றாக வெளியே வருகிறது. மாநிலம் முழுக்க இப்படி ஆயிரத்துக்கும் மேல் ஊற்றுகள். வருடம் முழுவதும் தண்ணீர் 22 டிகிரி, வெறும் கண்ணுக்கே அடிவரை தெரியும் தெளிவு. ஆனால் பக்கத்தில் ஓடும் ஆறுகள் வேறு ஜாதி. சுவானி ஆறு ஜார்ஜியாவின் ஓக்கிஃபெனோக்கி சதுப்பு நிலத்தில் பிறப்பது, அழுகின இலைகளின் டானின் சாயம் இறங்கி இறங்கி ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் வருகிறது. சாதாரண நாளில் ஊற்று ஆற்றைத் தள்ளுகிறது. மழையில் ஆறு ஏறிவிட்டால் கணக்கு தலைகீழாகி, ஆற்றுத் தண்ணீர் ஊற்றின் வாய்க்குள் புகுந்து குகைக்குள்ளே ஓட ஆரம்பிக்கிறது. ஆறு வடிந்த பிறகும் உள்ளே போன கலங்கல் வெளியேற வாரக்கணக்கில் ஆகுமாம்.

நாங்கள் வந்தது கேவர்ன் பயிற்சிக்கு, அதாவது பகல் வெளிச்சம் கண்ணில் படும் தூரம் வரைக்கும் மட்டும் குகைக்குள் போக அனுமதிக்கும் ஆரம்பப் பாடம். மச்சினனுக்கு ஆசை, எனக்குப் பாதி ஆசை. புதுச்சேரிக் கடலில் டைவிங் கற்றவன் நான், கலங்கல் எனக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே ஒன்றும் தெரியாவிட்டால் மேலே போய்விடலாம், இங்கே மேலே பாறை.

ராத்திரி கெளுத்தி மீன் வறுவலும் மக்காச்சோள மாவு உருண்டைப் பொரியலும், தட்டு 16 டாலர். பரிமாறிய அம்மாள் என்னை மூன்று தடவை "ஹனி" என்று கூப்பிட்டார், மச்சினனைக் கூப்பிடவே இல்லை. ஐஸ் டீயில் போட்டிருந்த சர்க்கரைக்கு ஒரு குடும்பமே ஒரு வாரம் காபி குடிக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு – புல்தரையில்

இன்றைக்குத்தான் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாள். போன் தானாக மாறிவிட்டது, மோட்டலின் சாப்பாட்டு அறைக் கடிகாரம் மாறவில்லை, அந்த அறையைத் திறக்கும் பையன் அந்தக் கடிகாரத்தை நம்புகிறவன். காலை உணவு இல்லாமலே வகுப்பு.

பயிற்சியாளருக்கு அறுபதுக்கு மேல். முன்பு டெலிபோன் கம்பம் ஏறும் வேலையில் இருந்தாராம், பேச்சு அளந்துதான் வருகிறது. எங்களோடு வால்டோஸ்டாவிலிருந்து வந்த ஒரு பிளம்பரும் மாணவர். முதலில் தண்ணீர் பக்கமே போகவில்லை. மரத்துக்கு மரம் ஒரு வெள்ளை நைலான் கயிற்றைக் கட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொட்டபடி நடக்கச் சொன்னார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகக் கயிற்றைச் சுற்றியிருக்கவேண்டும், ஆனால் இழுக்கக் கூடாது. இழுத்தால் கயிறு பாறை இடுக்குக்குள் போய்ச் சிக்கிவிடும், அப்புறம் கயிறு போகும் வழியில் ஆள் போக முடியாது. மற்ற கை முன்னால் போகிறவரின் தோளிலோ காலிலோ. முன்னால் தள்ளினால் "போ", அழுத்திப் பிடித்தால் "நில்". முப்பது வயதுக்கு மேற்பட்ட மூன்று ஆண்கள் கண்ணை மூடி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓக் மரங்களுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தோம். நாயோடு நடை போன ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு "குட் மார்னிங்" சொல்லிவிட்டுப் போனார், சிரிக்கவில்லை. இந்த ஊரில் இது தினசரிக் காட்சியாம்.

கயிற்றின் கடைசி முடிச்சு இருந்த மரத்தடியில் நெருப்பெறும்புப் புற்று. பிளம்பர் நேராக அதில் கால் வைத்தார். நெருப்பெறும்பு கடித்தால் மறுநாள் சீழ்க்கொப்புளம் வரும் என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன், அவர் காலைப் பார்த்து.

மதியம் பாடம். இந்தத் துறையின் விதிகள் எல்லாமே செத்தவர்களிடமிருந்து எடுத்தவை. ஷெக் எக்ஸ்லி என்றொருவர், இதே சுவானி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். 23 வயதுக்குள் ஆயிரம் குகை டைவ் முடித்த முதல் ஆள். 1970களில் குகைச் சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, திரும்பத் திரும்ப வரும் காரணங்களைப் பட்டியல் போட்டார். வெளியிலிருந்து அறுபடாமல் வரும் வழிக்கயிறு இல்லாமல் போனது. மூன்றில் இரண்டு பங்குக் காற்றைத் திரும்பி வருவதற்கு ஒதுக்காதது. அளவுக்கு மீறின ஆழம். பயிற்சி, ஆளுக்கு மூன்று விளக்கு என்பதெல்லாம் பின்னால் சேர்ந்தவை. அவரே 1994இல் மெக்ஸிகோவின் ஸகட்டோன் குழியில் ஆழச் சாதனைக்கு இறங்கி உயிரோடு திரும்பவில்லை. பயிற்சியாளர் இதை எந்தச் சோகமும் இல்லாமல் சொல்லிவிட்டு, "அவர் போட்ட விதி சரிதான்" என்று பலகையை அழித்தார்.

நான் குறித்துக்கொண்டது வேறொன்று. அந்தக் காலத்தில் செத்தவர்களில் பலபேர் கடல் டைவிங் நன்றாகத் தெரிந்தவர்கள், சிலர் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள்கூட. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததால்தான் உள்ளே போயிருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச தூரம் தெரிகிறதே, போய்ப் பார்ப்போம் என்று. வழக்கமான காலடிப்பில் கீழே படிந்த வண்டல் பின்னாலேயே கிளம்பியிருக்கும். திரும்பிப் பார்க்கும்போது வந்த வழியே இல்லை. கலங்கலான குகைக்குள் தற்செயலாக யாரும் நுழைவதில்லை.

மார்ச் 10, திங்கள் – கின்னி ஸ்பிரிங்ஸ்

வானம் வெளுத்துவிட்டது, குளிர் ஏறிவிட்டது. கின்னி ஸ்பிரிங்ஸ் தனியார் இடம், சான்டா ஃபே ஆற்றங்கரை. டியூப்பில் மிதந்துகொண்டு பீர் குடிக்கிற கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பக்கம், முதுகில் இரட்டைச் சிலிண்டரோடு கும்பிடுகிற முகத்தோடு நடக்கிற குகைக்காரர்கள் மறுபக்கம். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை.

எங்களுக்கு வாய்த்தது பால்ரூம் என்கிற குகைக்கூடம், சுமார் 15 மீட்டர் ஆழம். அதன் கடைசியில் குகை தொடரும் வாயை இரும்புக் கம்பிவலை போட்டு அடைத்துவிட்டார்கள், ஆள் போகாமல் இருக்க. ஊற்றின் முழு வேகமும் அந்தக் கம்பிகளுக்கிடையே வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினால் மாஸ்க் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது. கின்னியில் எனக்குப் பிடித்த விதி விளக்கு விதி. குகைப் பயிற்சி இல்லாதவர்கள் பக்கத்திலிருக்கும் டெவில்ஸ் ஊற்றுகளில் டார்ச்சே எடுத்துப் போகக் கூடாது. கையில் விளக்கு இருந்தால்தானே இருட்டுக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றும்? பால்ரூமில் மட்டும், மேற்கொண்டு போக வழி இல்லை என்பதால், அனுமதி. பத்துப் பக்க எச்சரிக்கை எழுதுவதைவிட இது மேல் என்று எனக்குத் தோன்றியது. டெவில்ஸ் பக்கம் ஒரு பலகை இருக்கிறதாம், முக்காடு போட்ட எலும்புக்கூடு படத்தோடு, இதற்குள் உயிரைக் கொடுக்கும் அளவுக்கு எதுவும் இல்லை, இதற்கு மேல் போகாதே என்ற அர்த்தத்தில். ஃபுளோரிடா ஊற்றுக் குகைகள் பலவற்றின் வாசலில் இந்தப் பலகை உண்டு. டெவில்ஸ் முறை வரும்போது பார்க்கவேண்டும்.

கால் அடிப்பதையே மறந்துவிட்டுப் புதிதாகப் படிக்கவேண்டியிருந்தது. முழங்காலை மடித்து, பாதத்தைப் பக்கவாட்டில் விரித்துச் சேர்க்கும் தவளை உதை. பழைய மேல்கீழ் உதை ஒன்று விழுந்தாலும் கீழே வண்டல் புகையாகக் கிளம்பும். வேகமுள்ள ஊற்றில் அது வெளியே அடித்துக்கொண்டு போய்விடும், வேகமில்லாத குகையில் மணிக்கணக்கில் நிற்கும். காலை மட்டும் அடக்கினால் போதாது, நாம் விடும் குமிழிகள் கூரையில் முட்டியே அங்கிருக்கும் தூசியை உதிர்க்கும். சாதாரண டைவிங் பாடத்தில் யாரும் இதைச் சொன்னதில்லை, மூச்சு விடாமலும் இருக்க முடியாது.

அப்புறம் கறுப்பு மாஸ்க். முகத்துக்கு மேல் ஒரு கறுப்பு உறையைப் போட்டுவிட்டு, கயிற்றைத் தொட்டு வெளியே வா என்கிறார். அவரே முன்கூட்டிக் கயிற்றை ஒரு இடத்தில் ஓரமாக, ஆள் நுழையாத இடுக்கு வழியாக இழுத்துக் கட்டிவைத்திருக்கிறார், நான் பார்க்கவே இல்லை. கயிறு போகும் இடத்துக்கு என் தோள் போகவில்லை. இப்போது செய்யவேண்டியது கயிற்றை விடாமல், மற்றக் கையால் பக்கவாட்டில் தடவி, பாறையின் அகலமான பக்கத்தைத் தேடி, கையை நீட்டியபடியே உடம்பைச் சுற்றிக் கொண்டுவருவது. மூன்று நிமிஷமாகியிருக்கும். வழியில் ஒரு முக்கோண பிளாஸ்டிக் அம்பு விரலில் பட்டது. குகைக் கயிறுகளில் இந்த அம்புகளை மாட்டியிருப்பார்கள், கூர் நுனி எப்போதும் பக்கத்து வெளிவாசலைக் காட்டும், கண் தெரியாமலும் தடவிப் படிக்கலாம். அந்த நுனி தட்டுப்பட்டபோது வந்த நிம்மதியை எழுத ஆரம்பித்தால் பதிவு நீண்டுவிடும்.

மேலே வந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது மச்சினன் 2018 தாய்லாந்துக் குகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். தாம் லுவாங்கில் பன்னிரண்டு பையன்களும் பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டது. அங்கே பிரிட்டிஷ் டைவர்கள் சேற்றுத் தண்ணீரில் கயிறு போட்டுக்கொண்டே போய் ஜூலை 2ஆம் தேதி அவர்களைக் கண்டுபிடித்தார்கள். டிவியில் பார்த்தபோது அந்தக் கயிறு எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பையன்களை வெளியே கொண்டுவந்ததும் அதே மாதிரி கயிற்றைத் தடவித்தான், கண்ணால் அல்ல.

குளிர் பற்றி ஒரு வரி: 22 டிகிரி என்று படிக்கும்போது ஊட்டி வெயில் ஞாபகம் வரும், முக்கால் மணி நேரம் அசையாமல் உள்ளே கிடந்தால் பல் தானாகத் தந்தி அடிக்கும்.

மார்ச் 11, செவ்வாய் – பீகாக், கரையிலிருந்து

பயிற்சியாளருக்கு வேறு வேலை, எங்களுக்கு ஓய்வு. இறங்க முடியாவிட்டால் என்ன, பார்த்துவிட்டாவது வருவோம் என்று லூராவில் பக்கம் பீகாக் ஊற்றுப் பூங்காவுக்குப் போனோம். 2010இல் இறந்த குகைப் புகைப்படக்காரர் வெஸ் ஸ்கைல்ஸ் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். வாசலில் ஆளில்லை. உறையில் பணத்தைப் போட்டுப் பெட்டியில் போடவேண்டும், நாலு டாலர். மச்சினனிடம் சில்லறை இல்லை, ஐந்தாகப் போட்டான், மிச்சம் ஃபுளோரிடாவுக்கு.

அமெரிக்காவின் நீளமான நீரடிக் குகைகளில் ஒன்று இது. வரைபடத்துக்கு வந்தது மட்டும் 8 கிலோமீட்டருக்கு மேல். அன்றைக்கு மேலிருந்து பார்த்தால் சைப்ரஸ் மரங்களின் காலடியில் தேங்கின பழுப்புத் தண்ணீர், அவ்வளவுதான். படிக்கட்டின் கீழ்ப் பாதியே காணவில்லை. ஆனால் இந்தப் பூங்காவில் ஒரு நடைபாதை இருக்கிறது, கீழே குகை எந்த வழியாகப் போகிறதோ அதே வழியில் மேலே காட்டுக்குள் போகிறது. பாட்ஹோல், சேலஞ்ச், ஓல்சன், ஆரஞ்சு குரோவ் என்று ஆங்காங்கே தரை உள்வாங்கின குழிகள், உங்கள் காலுக்கடியில் இப்போது இது இருக்கிறது என்று பலகைகள். கீழே எங்கோ இருட்டில் கண்ணும் நிறமும் தேவைப்படாமல் வெளிறிப்போன குகை நண்டினம் ஒன்று வாழ்கிறது, சின்ன இறால் தோற்றத்தில் வெள்ளையாக இருக்குமாம். அதற்கு இந்தக் கலங்கலால் என்ன நஷ்டம் என்று யோசித்தபடி நடந்தேன். கொசு மட்டும் இல்லையென்றால் இன்னும் நன்றாக யோசித்திருப்பேன்.

திரும்பும் வழியில் ரோட்டோரம் ஒரு தாத்தா பெரிய பானையில் வேர்க்கடலை அவித்து விற்றுக்கொண்டிருந்தார். தோலோடு, உப்புத் தண்ணீரில், நம் ஊர் மாதிரியேதான், ஒரு பானையில் மட்டும் மிளகாய்க் காரம். பை 6 டாலர். "இதை முன்னாடி சாப்பிட்டிருக்கீங்களா?" என்று அவர் மச்சினனைச் சந்தேகமாகக் கேட்க, அவன் பதில் சொல்லாமல் ஒரே கையால் உடைத்து வாயில் போட்டுக் காட்டினான். தாத்தா மேலும் ஒரு கரண்டி அள்ளிப் போட்டார்.

இரவு அதே கெளுத்தி மீன் கடையில் பக்கத்து மேசைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டு எங்கே பயிற்சி என்று விசாரித்தார். பேசப் பேசத் தெரிந்தது, குகைக்குள் இறந்தவர்களின் உடலை மீட்டுவரப் போகும் தன்னார்வலர் அவர். அதற்கென்றே ஒரு சர்வதேச அமைப்பு இருக்கிறது, ஷெரிஃப் அலுவலகம் கூப்பிட்டால் இந்த மாதிரி குகை டைவர்கள்தான் போவார்கள். போலீஸ் டைவர்களை உள்ளே விட்டால் அவர்களையும் மீட்கவேண்டி வரும். அவர் போய் இறங்கும்போது தண்ணீர் பெரும்பாலும் கலங்கித்தான் இருக்குமாம், இறந்தவர் கடைசி நேரத்தில் வழி தேடிக் கலக்கியது. அழுத்தமானியில் மிச்சக் காற்று எவ்வளவு, கயிறு எங்கே முடிகிறது, இதையெல்லாம் தடவிப் பார்த்து மனதில் எழுதிக்கொள்வாராம், குடும்பத்துக்குச் சொல்ல. சொல்லிக்கொண்டே பீகன் கொட்டை போட்ட இனிப்புப் பை (pie) ஒன்றை முழுசாகச் சாப்பிட்டு முடித்தார். எங்கள் பில்லையும் அவரே கட்டிவிட்டுப் போனது பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 12, புதன் – டெவில்ஸ் இயர்

கடைசிப் பயிற்சி. சான்டா ஃபேயும் ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் கின்னியின் ஊற்றுகளுக்கு இன்னும் எதிர்த்துத் தள்ளும் பலம் இருந்தது. டெவில்ஸ் இயர் என்பது ஆற்றின் படுகையிலேயே திறக்கும் வாய். மேலே பழுப்பு ஆறு, கீழே தெளிந்த ஊற்று, இரண்டுக்கும் நடுவே மனிதர்கள் நாங்கள். எலும்புக்கூடு பலகை உள்ளே தள்ளி இருக்கிறதாம், இன்றைக்கும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, வாசலோடு சரி.

கரையில் ஒரு மரக்கட்டையில் பயிற்சியாளர் கயிற்றுச் சுருளின் நுனியைக் கட்டினார். உள்ளே இறங்கியதும் கையை நீட்டினால் முழங்கைவரை தெரிந்தது, அதற்கு மேல் இல்லை. ஒரு மீட்டருக்கு மஞ்சள், பிறகு ஆரஞ்சு, பிறகு ரத்தச் சிவப்பு, பிறகு எதுவுமே இல்லை. அழுத்தமானியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தும் எண் தெரியவில்லை. முன்னால் பிளம்பரின் காலைப் பிடித்திருந்தேன், பின்னால் மச்சினன் என் காலைப் பிடித்திருந்தான். அந்தப் பிடியிலிருந்தே அவன் மூச்சு வேகமாகியிருக்கிறது என்று தெரிந்தது. ஒரு தடவை நன்றாக அழுத்தினான், நில். நான் முன்னால் அழுத்தினேன், எல்லோரும் நின்றோம். ஒன்றும் தெரியாத ஆற்று நடுவில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவன் மூச்சு அடங்கும் வரை. யாரும் அவசரப்படவில்லை. பிறகு தள்ளினான், போ.

அதற்கு அப்புறம் நடந்ததற்கு நான் தயாராக இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே போனதும் பழுப்பு ஒரு கோடு போட்ட மாதிரி முடிந்துவிட்டது. தலை இந்தப் பக்கம், சுற்றிலும் சுத்தமான தண்ணீர், வெளுத்த சுண்ணாம்புப் பாறை, கீழிருந்து முகத்தில் அடிக்கும் ஓட்டம். அண்ணாந்து பார்த்தால் கூரைக்குப் பதிலாகச் செக்கச் சிவந்த ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் எங்கோ சூரியன். பிளம்பர் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாறையில் ஒரு இருட்டு வாய் உள்ளே போகிறது, வெகுதூரம் தெரிகிறது, போகலாம் போலத்தான் இருந்தது. பயிற்சியாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை மேலே காட்டினார். "மேலே" என்ற அந்தச் சைகைக்கு மறுப்பே கிடையாது, யார் காட்டினாலும் எல்லோரும் திருப்பிக் காட்டிவிட்டுக் கிளம்பவேண்டும். காட்டினேன். மறுபடி சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், மரக்கட்டை.

கரையில் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மச்சினன் நடுவில் நின்றதற்கு மன்னிப்புக் கேட்கப் போக, "அதுக்குத்தானே அந்த சிக்னல்?" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

மார்ச் 13, வியாழன் – திரும்பும் வழி

வண்டி முழுக்க ஈர நியோப்ரீன் டைவிங் உடைகளின் வாடை, கண்ணாடியை இறக்கினால் குளிர், ஏற்றினால் வாடை. பிளம்பர் வால்டோஸ்டாவில் இறங்கிக்கொண்டார், காலில் கொப்புளம் பெருத்துச் செருப்போடுதான் போனார். அதற்கு முன்பே, லேக் சிட்டியில் இட்லி கிடைக்கும் என்று மச்சினன் இணையத்தில் பிடித்த கடை பூட்டியிருந்தது. பதிலாகப் பெட்ரோல் பங்கில் வாங்கின, முட்டை வைத்த பிஸ்கட் ரொட்டி 4 டாலர், அது தந்த நெஞ்செரிச்சல் இலவசம்.

அக்டோபரில் ஆறெல்லாம் வற்றியிருக்கும், முழுக் குகைப் பயிற்சிக்கு அதுதான் சீசன், பீகாக்கில் இறங்கலாம் என்று அவன் திட்டம் போட ஆரம்பித்தான். இரட்டைச் சிலிண்டர், இரண்டு மீட்டர் நீளக் குழாய் வைத்த ரெகுலேட்டர் என்கிற மூச்சுக் கருவி (குறுகலான வழியில் ஒருவர் பின் ஒருவராகப் போகும்போதும் காற்றைப் பகிர்ந்துகொள்ள), மூன்று விளக்கு, பயிற்சிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக விலை சொல்லிக்கொண்டே வந்தான். மேக்கன் நெருங்கும்போது மொத்தத்தைக் கூட்டிச் சொன்னான்.

சரி, வரேன், ஆனா உங்க அக்காகிட்ட நீயே பேசு என்றேன்.